ஆய்வக இணையத்தில் டோரண்ட் ஏன் கூடாது?

பள்ளி, கல்லூரி வளாக இணையத்தில் டோரண்ட் போன்ற கோப்புப் பகிர்வு மென்பொருள்களைத் தடுத்து வைப்பது வழக்கம். ஏன் என்று மாணவர் கேட்டால், "கூடாது என்றால் கூடாது" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். கேட்டது நியாயமான கேள்வி.

சாதாரணப் பதிவிறக்கத்தில் ஒரு சேவையகம் கொடுக்கிறது, நாம் வாங்கிக்கொள்கிறோம். டோரண்ட் அப்படியன்று. கோப்பு சிறுசிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு துண்டு நம் கணினிக்கு வந்து சேர்ந்ததும், அதைத் தேடும் வேறு ஒருவருக்கு நம் கணினியே அனுப்பத் தொடங்கும். வாங்குபவரே விநியோகிப்பவராகவும் ஆகிவிடுகிறார். பள்ளி இணைப்பின் ஐ.பி. முகவரியும் அந்தக் கோப்பைப் பகிரும் மற்றவர்களுக்குத் தெரியும். தவிர, இதற்காக ஒரே நேரத்தில் பல இணைப்புகள் திறந்திருக்கும். இருபது கணினிகள் ஒரே இணைப்பைப் பங்கிடும் ஆய்வகத்தில் ஒன்றில் இது ஓடினாலே போதும். மற்றவற்றில் இணையவழி மதிப்பீடு பாதியில் நின்று, திரையில் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். பாடவேளை முடிந்து மணி அடித்துவிடும்.

அப்படியானால் பாடப்பொருள் எதையுமே நகலெடுக்கக் கூடாதா? பதிப்புரிமைச் சட்டம், 1957 ஆசிரியருக்கு நாம் நினைப்பதைவிடத் தாராளமானது. 52ஆம் பிரிவின்படி, கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகலெடுப்பதும், வினாத்தாளில் அதைப் பயன்படுத்துவதும் உரிமை மீறல் ஆகாது. டெல்லி பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை மீது பெரிய பதிப்பகங்கள் தொடுத்த வழக்கிலும், 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் கற்பித்தலின் பக்கமே நின்றது. மாணவர், ஆசிரியர், பெற்றோர் மட்டுமே பார்வையாளராக இருந்தால், பள்ளி நிகழ்வில் திரைப்படம் காட்டவும் அதே பிரிவு இடம் தருகிறது. ஆனால் அதை வைத்துக் கள்ளப் பிரதியை இறக்கிக்கொள்ளலாம் என்று வாதிட முடியாது.

சிக்கல் பெரும்பாலும் நம் கைப்பேசியில்தான் தொடங்குகிறது. ஒரு கதையின் இரு பக்கங்களை வகுப்புக்கு நகலெடுப்பது கற்பித்தல். விற்பனையில் உள்ள வழிகாட்டி நூல் முழுவதையும் பிடிஎஃப் ஆக்கி, முகம் தெரியாத நூற்றுக்கணக்கானோர் இருக்கும் வாட்ஸ்ஆப் குழுவில் போடுவது கற்பித்தல் ஆகாது. தெரிந்தே செய்யும் மீறலுக்கு 63ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. "எல்லாரும்தானே அனுப்புகிறார்கள்" என்பது அங்கே எடுபடாது.

தாராளமாகப் பகிரக்கூடியவையும் இருக்கின்றன. திக்‌ஷா தளத்தின் பாடப்பொருள்கள் பல, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானவை. ஆக்கியவர் பெயரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். நம் அரசுப் பாடநூல்களும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இவற்றிலும் கோப்பை அனுப்புவதைவிட இணைப்பை அனுப்புவதே மேல்: இணையச் சுமை குறையும், திருத்திய பதிப்பே மாணவர் கைக்குப் போகும். பென்டிரைவில் கொண்டுவந்தால் முதலில் வைரஸ் சோதனை. பிறகே ஆய்வகக் கணினியில் செருகலாம்.