தடுமாறிய நாவும் தளராத சிரிப்பும்

பிறரைச் சிரிக்க வைப்பது எளிய தொழிலன்று. நாடக நடிகருக்குத் துணை நடிகர் உண்டு. பாடகருக்குப் பக்கவாத்தியம் உண்டு. ஊர் ஊராகச் சென்று, ஒலிபெருக்கியின் முன் தனியே நின்று நகைச்சுவை வழங்குபவருக்கோ தம் நாவன்றி வேறு துணையில்லை. அவையோர் சிரியாவிடில் அந்த அமைதியை அவரே தாங்கியாக வேண்டும். இத்தகைய தொழிலில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்து நின்றவர் அமெரிக்கரான பாப் நியூஹார்ட்.

சிக்காகோ நகரை அடுத்த ஓக் பார்க்கில் 1929-ஆம் ஆண்டு பிறந்த அவர், லயோலா பல்கலைக்கழகத்தில் வணிகவியல் பயின்று 1952-இல் பட்டம் பெற்றார். இராணுவப் பணிக்குப் பின் கணக்கராக வேலையில் அமர்ந்தார். மாலையில் சில்லறைக் கணக்கில் ஓரிரு டாலர் குறைந்தால், தம் சட்டைப்பையிலிருந்தே எடுத்து ஈடுகட்டி விடுவாராம். இது முறையன்று என மேலாளர் கண்டித்தபோது, "ஒரு டாலரைத் தேடுவதற்கு எனக்கு மணிக்கு ஆறு டாலர் ஊதியம் தருவது மட்டும் முறையாகுமோ?" என்ற பொருளில் விடையளித்ததாக அவரே கூறி மகிழ்விப்பார்.

அலுவலகச் சலிப்பைப் போக்க, நண்பர் ஒருவருடன் தொலைபேசியில் வேடிக்கையாக உரையாடுவது அவர் வழக்கமாயிற்று. அவ்வுரையாடல்களைப் பதிவு செய்து வானொலி நிலையங்களுக்கு விற்க இருவரும் முயன்றனர், வருவாய் போதவில்லை. நண்பர் வேறு வேலை தேடிச் சென்றுவிட்டார். ஆயினும் நியூஹார்ட் மனம் தளரவில்லை. உரையாடலைத் தனியொருவராகவே தொடர்ந்தார். தொலைபேசியில் பேசுவதுபோல் அவர் மட்டுமே பேசுவார். மறுமுனையில் இருப்பவர் கூறுவதை அவையோர் ஊகித்துச் சிரிப்பர். ஆபிரகாம் லிங்கனுக்கு விளம்பர முகவர் ஒருவர் அறிவுரை வழங்குவதாக அமைந்த உரையாடல் பெரும்புகழ் பெற்றது.

1960 பிப்ரவரியில் ஹூஸ்டன் நகர விடுதி ஒன்றில் அவருடைய நிகழ்ச்சி இசைத்தட்டுக்காகப் பதிவு செய்யப்பட்டது. இரவு விடுதி மேடையில் அவர் ஏறியது அதுவே முதன்முறை. அந்த இசைத்தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1961-இல் இசைக்கலைஞர்களின் படைப்புகளையும் விஞ்சி, ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதை வென்றது.

பேசும்போது அவர் நா சற்றே தடுமாறும். தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் தயாரிப்பாளர், அத்தடுமாற்றத்தைக் குறைத்துக்கொள்ளலாகாதா என வினவினார். தமக்கு வீடு வாங்கித் தந்ததே அந்தத் திக்கல்தான் என்றார் நியூஹார்ட். குறை எனப் பிறர் கருதியதை அவர் மறைக்கவுமில்லை, அதற்காக வருந்தவுமில்லை. தொலைக்காட்சியில் புகழ் பெற்ற பின்னரும் ஊர் ஊராகச் சென்று மேடையேறுவதை அவர் விடவில்லை. தகாத சொற்களை நாடாமலே அரங்குகளை நிறைத்தார்.

1963-இல் அவர் மணந்த துணைவியார் 2023-இல் மறையும் வரை, அறுபது ஆண்டுகள் அவ்வில்லறம் நீடித்தது. நான்கு மக்களைப் பெற்று வளர்த்தனர். மணவாழ்வு நிலைப்பதற்குச் சிரிப்பு பெருந்துணை என்பது அவர் நம்பிக்கை. 2024 ஜூலை 18-ஆம் நாள், தமது 94-ஆம் வயதில் அவர் காலமானார்.

நம் இல்லங்களிலும் சிரிப்பொலி எழுகிறது. அது மருமகளின் சமையலையோ, பிள்ளையின் மதிப்பெண்ணையோ, திக்கிப் பேசும் தம்பியையோ குத்திக்காட்டி எழும் சிரிப்பாயின், ஒருவர் மட்டும் சிரியாமல் தலைகுனிந்திருப்பார். அவரும் சேர்ந்து சிரிக்கும்படி பேசப் பழகுவோம்.