பழைய கம்பெனி இடத்தில் வீடா? மண்ணுக்கும் வேணும் மருத்துவ பரிசோதனை!

“டவுனுக்குள்ளேயே இடம். பஸ் வசதி இருக்கு. ரேட்டும் கம்மி. முன்னாடி இங்க கம்பெனி ஓடிச்சு, இப்ப எல்லாத்தையும் இடிச்சு கிளீன் பண்ணிட்டோம்” என்று புரோக்கர் சொன்னால், சொந்த வீடு கனவில் இருக்கும் யாருக்கும் மனசு துள்ளத்தான் செய்யும்.

ஆனால் கட்டிடத்தை இடிப்பது வேறு. மண்ணை சுத்தம் செய்வது வேறு. மேலே புல்டோசர் ஓட்டி சமப்படுத்தி விட்டால் கண்ணுக்கு பளிச்சென்று தெரியும். கீழே இருப்பது அப்படியேதான் இருக்கும்.

தோல், சாயம், முலாம் பூசும் பட்டறை, பேட்டரி, பெயிண்ட், ரசாயன ஆலைகள் இயங்கிய இடங்களில் ஈயம், குரோமியம், பாதரசம், எண்ணெய்க் கழிவு போன்றவை மண்ணில் இறங்கி இருக்கலாம். ஆலை மூடியதும் இவை மறைந்து விடாது. உலோக நஞ்சுகள் மக்கிப் போகிற ஜாதியே இல்லை.

1 டாலருக்கு விற்ற நிலம்

இதை உலகத்துக்கு உணர்த்தியது அமெரிக்காவில் நயாகரா நீர்வீழ்ச்சி நகரில் உள்ள ‘லவ் கேனால்’ பகுதி. பாதியில் நின்று போன ஒரு பழைய கால்வாயில் 1942 முதல் 1953 வரை ஒரு ரசாயன கம்பெனி சுமார் 21 ஆயிரம் டன் கழிவைக் கொட்டியது. பிறகு மண்ணைப் போட்டு மூடி, அந்த இடத்தை 1953-ல் பள்ளிக்கூட நிர்வாகத்துக்கு வெறும் 1 டாலருக்கு கொடுத்தது.

பள்ளிக்கூடம் வந்தது. சுற்றிலும் வீடுகள் வந்தன. வருஷங்கள் கழித்து மழைத் தண்ணீரோடு ரசாயனம் மேலே வந்து, வீடுகளின் நிலவறைக்குள் கசிந்தது. 1978-ல் அவசர நிலை அறிவிக்கப்பட்டு, நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீட்டைக் காலி செய்தன. 1980-ல் இப்படிப்பட்ட இடங்களை சுத்தம் செய்ய அங்கே தனிச் சட்டமே வந்தது.

நம்ம ஊரிலும் உண்டு

தமிழ்நாட்டுக்கு இது புதுசு இல்லை. ராணிப்பேட்டையில் இயங்கிய குரோமிய ரசாயன ஆலை 1990-களின் நடுவில் மூடப்பட்டது. ஆனால் 1 லட்சம் டன்னுக்கும் அதிகமான கழிவு அங்கேயே மலை போல் நின்றது. மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர் வழிந்தது. நிலத்தடி நீரிலும் குரோமியம் கலந்தது.

கொடைக்கானலில் இருந்த தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. ஆனாலும் ஆலை வளாகத்து மண்ணில் பாதரசம் தங்கியது. ‘எந்த அளவுக்கு குறைத்தால் சுத்தம் என்று ஒப்புக் கொள்வது?’ என்ற சண்டை பல வருஷம் நடந்தது.

இந்த சண்டையில்தான் விஷயமே இருக்கிறது.

குடோனுக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு

அந்த இடத்தில் குடோன் கட்டினால் ஆட்கள் பகலில் 8 மணி நேரம் இருப்பார்கள். தரை முழுக்க சிமெண்ட். ஆனால் வீடு என்றால் 24 மணி நேர வாழ்க்கை. குழந்தை மண்ணில் விளையாடும், அதே கையை வாயில் வைக்கும். கொல்லையில் கீரை போடுவோம், போர் தண்ணீரில் குளிப்போம். சில ரசாயனங்கள் ஆவியாகி, தரை வெடிப்பு வழியாக அறைக்குள்ளேயே வரும்.

அதனால்தான் வீடு கட்டும் இடத்துக்கு மற்ற இடங்களை விட கடுமையான அளவு வேண்டும் என்கிறார்கள். ‘கிளீன் பண்ணியாச்சு’ என்று யாராவது சொன்னால், ‘எதுக்காக கிளீன் பண்ணீங்க? குடோனுக்கா, குடியிருக்கவா?’ என்று கேட்பது நம் உரிமை.

மண் ஆஸ்பத்திரி

சுத்தம் செய்யவே முடியாதா? முடியும். லண்டனில் தமிழர்கள் நிறைய பேர் வசிக்கும் ஈஸ்ட்ஹாம் பகுதிக்கு பக்கத்தில் உள்ளது ஸ்ட்ராட்போர்டு. நூறு வருஷத்துக்கு மேல் ரசாயன ஆலை, எண்ணெய்ப் பட்டறை, குப்பைமேடு என்று கிடந்த இடம். 2012 ஒலிம்பிக் போட்டிக்காக அதை சீர்படுத்தினார்கள்.

வெட்டிய மண்ணை லாரியில் ஏற்றி வேறு ஊரில் கொட்டவில்லை. அங்கேயே மண் கழுவும் இயந்திரங்களை நிறுத்தினார்கள். அதற்கு அவர்கள் வைத்த செல்லப் பெயர் ‘மண் ஆஸ்பத்திரி’. நஞ்சு பெரும்பாலும் நைசான களிமண் துகளில்தான் ஒட்டியிருக்கும். மண்ணைக் கழுவி, சலித்து, மணலையும் கல்லையும் பிரித்து விட்டால் அவற்றை திரும்ப பயன்படுத்தலாம். நஞ்சு சேர்ந்த சேற்றை மட்டும் தனியாக அப்புறப்படுத்த வேண்டும். இப்படி வெட்டிய மண்ணில் 80 சதவீதத்துக்கும் மேல் அங்கேயே பயன்பட்டது.

போட்டி முடிந்ததும் வீரர்கள் தங்கிய கட்டிடங்கள் 2,818 வீடுகளாக மாறின. அதில் ஏறக்குறைய பாதி, சந்தை விலை கொடுக்க முடியாதவர்களுக்கான வீடுகள்.

மண்ணின் நோயைப் பொறுத்து வைத்தியமும் மாறும். எண்ணெய் கலந்த மண் என்றால் காற்றும் ஈரமும் கொடுத்து, கிருமிகளையே அதைத் தின்ன வைக்கலாம். குரோமியம் என்றால் இரும்பு உப்பைக் கலந்து அதன் கடும் நஞ்சைக் குறைக்கலாம். பாதரசத்தை சூடாக்கி பிரிக்கலாம். எடுக்கவே முடியாததை நீர் புகாத விரிப்பு போட்டு, மேலே சுத்தமான மண் கொட்டி மூடுவார்கள். அப்படி மூடிய இடத்தில் பிறகு யாரும் போர் போடக் கூடாது, ஆழமாகத் தோண்டக் கூடாது.

செலவு யார் தலையில்?

‘அசுத்தம் செய்தவரே செலவை ஏற்க வேண்டும்’ என்று சுப்ரீம் கோர்ட்டு 1996-லேயே சொல்லி விட்டது. பாலாற்றுப் பக்கம் தோல் ஆலைக் கழிவுக்கு எதிராக வேலூர் மக்கள் நல அமைப்பு தொடர்ந்த வழக்கில் வந்த தீர்ப்பு அது.

2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த இடங்களுக்கென்றே தனி விதிகளை வெளியிட்டது. சந்தேகமான இடங்களின் பட்டியலை மாவட்ட நிர்வாகம் 6 மாதத்துக்கு ஒரு முறை தர வேண்டும். மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஆய்வு செய்ய வேண்டும். கழிவைக் கொட்டியவரைக் கண்டுபிடித்து செலவை வசூலிக்க வேண்டும். ஆனால் எத்தனை நாளில் சுத்தம் செய்து முடிக்க வேண்டும் என்ற கெடு அதில் இல்லை. விதி வந்தபோது நாடு முழுக்க 103 மாசடைந்த இடங்கள் கணக்கில் இருந்தன. வேலை தொடங்கியது 7 இடங்களில் மட்டுமே.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்...

* வில்லங்க சான்றில் பழைய உரிமையாளர் யார் என்று பாருங்கள். கம்பெனி பெயர் இருந்தால் அங்கே என்ன தயாரித்தார்கள் என்று விசாரியுங்கள்.

* பக்கத்து டீக்கடையில் அந்த கம்பெனியில் வேலை பார்த்த பெரியவர்கள் இருப்பார்கள். கழிவை எங்கே கொட்டினார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

* மண், போர் தண்ணீர் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். மேல் மண்ணை மட்டும் எடுத்தார்களா, ஆழத்திலும் எடுத்தார்களா என்று பாருங்கள்.

* ‘ஓசி மண்’ வாங்கி பள்ளம் நிரப்பும் முன், அது எந்த இடத்து மண் என்று தெரிந்து கொள்ளுங்கள்.

* சந்தேகம் இருந்தால் கலெக்டர் அலுவலகத்திலும், மாசு கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

மண் பரிசோதனைக்கு பணம் செலவாகும்தான். ஆனால் வாழ்நாள் சேமிப்பையும் பேங்க் கடனையும் கொட்டி வாங்கும் மனை அது. பத்திரத்தை வக்கீலிடம் காட்டுகிற மாதிரி, மண்ணையும் ஒரு முறை பரிசோதனை கூடத்தில் காட்டி விடுங்கள்.