தொகுதி மடல் (ஒன்ராறியோ)

தொகுதி மடல் என்பது கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், மாகாண சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் தமது தொகுதி மக்களுக்கு அவ்வப்போது எழுதி அனுப்பும் செய்தித் தொகுப்பு ஆகும். தொகுதியில் நடந்த, நடக்கவுள்ள சமூக நிகழ்வுகள், மாகாண அரசின் திட்டங்கள், சட்டமன்றத்தில் உறுப்பினர் ஆற்றிய பணிகள் ஆகிய மூன்றும் இதன் வழமையான உள்ளடக்கம் ஆகும். வீடுகளுக்கு வரும் அச்சிட்ட மடலாகவோ, மின்னஞ்சலாகவோ, உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு பத்தியாகவோ இது வெளிவரலாம். பொதுப் பணத்தில் இயங்கும் தகவல் சேவையாகவும், அடுத்த தேர்தலில் மீண்டும் வாக்குக் கேட்கக்கூடிய ஓர் அரசியல்வாதியின் குரலாகவும் இது ஒரே சமயத்தில் அமைகின்றது. இவ்விரட்டைத் தன்மையே தொகுதி மடலைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோல் எனலாம்.

பின்னணி

ஒன்ராறியோ சட்டமன்றம் ஓரவை கொண்டது. ரொறன்ரோவின் குயீன்ஸ் பார்க் பகுதியில் 1893 இல் திறக்கப்பட்ட கட்டடத்தில் அது கூடுகின்றது. 2018 பொதுத் தேர்தலில் இருந்து அதில் 124 இடங்கள் உள்ளன. ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்படுகின்றார். 2021 கணக்கெடுப்பில் மாகாணத்தின் மக்கள்தொகை சுமார் 1 கோடியே 42 இலட்சம். எனவே ஓர் உறுப்பினர் சராசரியாக 1 இலட்சத்து 15 ஆயிரம் மக்களின் சார்பாளர் ஆவார். இத்தனை பேரை நேரில் சந்திப்பது இயலாது. வடக்கில் உள்ள கீவெட்டினூங் போன்ற தொகுதிகளில் பல ஊர்களுக்கு ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் சாலையே இல்லை. இந்நிலையில் மடல் உறுப்பினருக்கும் மக்களுக்கும் இடையே ஒரு தொடர்பு வழியாகின்றது.

ஒவ்வோர் உறுப்பினருக்கும் தொகுதியில் ஓர் அலுவலகம் உண்டு. அதன் வாடகை, பணியாளர் ஊதியம், தொடர்புச் செலவு ஆகியவை சட்டமன்றத்தின் வரவுசெலவில் இருந்து வழங்கப்படுகின்றன. தொகுதி மடல் பொதுவாக இவ்வலுவலகத்தில் இருந்தே தயாராகின்றது.

மூன்று அரசுகள்

கனடாவில் கூட்டாட்சி அரசு, மாகாண அரசு, நகராட்சி என மூன்று மட்டங்களில் ஆட்சி நடைபெறுகின்றது. கூட்டாட்சி, மாகாண அதிகாரங்களை 1867 ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம் பிரித்துக் கொடுக்கின்றது. நகராட்சிகள் மாகாணச் சட்டத்தினால் உருவாக்கப்பட்டவை. எந்தச் சிக்கலுக்கு யாரிடம் செல்வது என்பது, குறிப்பாகப் புதிய குடிவரவாளருக்கு, எளிதில் விளங்குவதில்லை. பொதுவான பிரிவு பின்வருமாறு:

* கூட்டாட்சி அரசு: குடிவரவு, கடவுச்சீட்டு, வேலைவாய்ப்புக் காப்புறுதி, முதியோர் ஓய்வூதியம்
* மாகாண அரசு: மருத்துவக் காப்புறுதி, பள்ளிக்கல்வி, சமூக உதவித் தொகை, ஓட்டுநர் உரிமம், பிறப்புச் சான்றிதழ்
* நகராட்சி: குப்பை அகற்றல், பூங்காக்கள், உள்ளூர்த் தெருக்கள், குடிநீர் வழங்கல்

சில திட்டங்களில் இரண்டு அரசுகள் பங்கு கொள்கின்றன. குழந்தைப் பராமரிப்புக் கட்டணத்தை நாளொன்றுக்கு சராசரியாக 10 டாலராகக் குறைப்பதற்கான உடன்பாட்டில் ஒன்ராறியோ 2022 மார்ச் 28 அன்று கையெழுத்திட்டது. இதற்கான புதிய நிதி பெரும்பாலும் கூட்டாட்சி அரசினுடையது, நடைமுறைப்படுத்துவது மாகாணம். எனவே ஒரே திட்டத்தை இரு மட்டத்து உறுப்பினர்களும் தத்தம் மடல்களில் தமது அரசின் சாதனையாகக் கூற இடமுண்டு.

உள்ளடக்கம்

சமூக நிகழ்வுகள்: புத்தாண்டு வரவேற்பு, பெப்ரவரி மூன்றாம் திங்களன்று வரும் குடும்ப நாள், சூலை 1 கனடா நாள், நவம்பர் 11 நினைவு நாள் ஆகியவை பெரும்பாலான மடல்களில் இடம்பெறும். உணவு வங்கிக்கான பொருள் சேகரிப்பு, வழிபாட்டிட விழாக்கள், புதிய கடைகளின் திறப்பு, தன்னார்வலர்களுக்கான பாராட்டு முதலியனவும் வரும். இவை சிறு செய்திகளாகத் தோன்றினாலும், தொகுதியில் எந்தெந்த அமைப்புகள் இயங்குகின்றன என்பதை அறிய உதவுகின்றன.

மாகாணத் திட்டங்கள்: மடலின் பயன்மிக்க பகுதி இதுவே. அரசின் உதவிகள் பல, தகுதி இருந்தால் தாமாக வந்து சேர்வன அல்ல, விண்ணப்பித்தவருக்கே கிடைக்கும். 65 வயதை எட்டியவருக்கு மருந்துச் செலவுக்கான மாகாணக் காப்பு தானாகத் தொடங்குகின்றது. ஆனால் வருமானத்தோடு ஒப்பிடுகையில் மருந்துச் செலவு மிகுந்த, 65 வயதுக்குட்பட்டோருக்கான டிரிலியம் மருந்துத் திட்டத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும். 1995 இல் தொடங்கிய இத்திட்டத்தில் ஒரு குடும்பம் தனது நிகர வருமானத்தில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் தானே செலுத்தியபின், எஞ்சிய மருந்துச் செலவைப் பெரும்பாலும் அரசு ஏற்கின்றது. குறைந்த வருமானம் உடைய முதியோருக்கு 2019 நவம்பரில் தொடங்கப்பட்ட பல் மருத்துவத் திட்டமும் விண்ணப்பத்தின் பேரிலேயே கிடைக்கின்றது. இத்தகைய திட்டத்தை அறியாதவர் தமக்கு உரியதை இழக்கின்றார். மருந்தையோ சிகிச்சையையோ தள்ளிப்போடுவதாகவும் அந்த இழப்பு அமையலாம்.

பெயர்க் குழப்பமும் உண்டு. டிரிலியம் என்பது 1937 முதல் ஒன்ராறியோவின் மாகாண மலர். இப்பெயரில் மருந்துத் திட்டம் ஒன்று, சமூக அமைப்புகளுக்கு மானியம் வழங்கும் அறக்கட்டளை ஒன்று, வருமான வரிப் படிவத்தின் வழியாகப் பெறும் உதவித் தொகை ஒன்று என மூன்று வெவ்வேறு ஏற்பாடுகள் உள்ளன. நல்ல மடல் இவற்றை வேறுபடுத்தி, தகுதி, இறுதி நாள், விண்ணப்பிக்கும் இடம் ஆகியவற்றைத் தெளிவாகத் தரும்.

சட்டமன்றப் பணிகள்: உறுப்பினர் ஆற்றிய உரைகள், சமர்ப்பித்த மனுக்கள், கொண்டுவந்த தனிநபர் சட்டமூலங்கள் பற்றிய குறிப்புகள் இப்பகுதியில் அடங்கும். தனிநபர் சட்டமூலம் ஒன்று வரி விதிக்கவோ பொது நிதியை ஒதுக்கவோ முடியாது. நாட்களையும் மாதங்களையும் சிறப்பிக்கும் சட்டமூலங்கள் அதிகமாக வருவதற்கு இக்கட்டுப்பாடும் ஒரு காரணம்.

விதிமுறைகள்

சட்டமன்றப் பணத்தைக் கட்சிப் பரப்புரைக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது அடிப்படை விதி. கட்சிக்கு நன்கொடை கேட்பது, உறுப்பினர் சேர்ப்பது, தேர்தலில் வாக்குக் கேட்பது முதலியன தொகுதி அலுவலகத்தின் பணிகள் அல்ல. உறுப்பினர்களின் நடத்தையை 1994 ஆம் ஆண்டின் உறுப்பினர் நேர்மைச் சட்டத்தின் கீழ் நேர்மை ஆணையர் கண்காணிக்கின்றார். சட்டமன்றம் கலைக்கப்பட்டதும் உறுப்பினர் பதவி முடிவடைகின்றது. அதன்பின் அவர் ஏனையோரைப் போல ஒரு வேட்பாளரே.

ஆயினும் எல்லைக்கோடு எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. கட்சியின் பெயரைக் கூறாமலேயே அரசைப் புகழவும் இகழவும் முடியும். அரசுத் துறைகளின் விளம்பரங்களைத் தலைமைக் கணக்காய்வாளர் முன்கூட்டியே பரிசீலிக்க வேண்டும் என 2004 ஆம் ஆண்டின் அரசு விளம்பரச் சட்டம் கூறுகின்றது. 2015 இல் செய்யப்பட்ட திருத்தம் அவரது மதிப்பீட்டு அதிகாரத்தைக் குறுக்கியது. தனி உறுப்பினரின் மடல் இச்சட்டத்தின் கீழ் வருவதில்லை.

2024 அக்டோபரில் மாகாண அரசு ஒவ்வொரு வரி செலுத்துநருக்கும் 200 டாலர் வழங்குவதாக அறிவித்தது. காசோலைகள் 2025 தொடக்கத்தில் அனுப்பப்பட்டன. பெப்ரவரி 27 அன்று பொதுத் தேர்தல் நடைபெற்றது. ஆளுங்கட்சி இதனை விலைவாசி நிவாரணம் என்றது. எதிர்க்கட்சிகள் வாக்குகளை நோக்கிய செயல் என்றன. இத்தகைய ஒரு திட்டத்தைப் பற்றி எழுதுகையில் தகவல் எங்கே முடிகின்றது, பரப்புரை எங்கே தொடங்குகின்றது என்று பிரித்தறிவது கடினம்.

உள்ளூர்ப் பத்திரிகைகளின் வீழ்ச்சி

முன்னர் உறுப்பினரின் பத்தி உள்ளூர் வார இதழில், செய்தியாளர் எழுதிய செய்திகளுக்கு அருகிலேயே வெளிவந்தது. உறுப்பினர் கூறியதையும், அதற்கு மாறான கருத்தையும் வாசகர் ஒரே இதழில் காண முடிந்தது. 2023 செப்டம்பரில் மெட்ரோலாண்ட் நிறுவனம் ஒன்ராறியோவில் 70 இற்கும் மேற்பட்ட வார இதழ்களின் அச்சுப் பதிப்பை நிறுத்தியது. அதற்கு முந்தைய மாதம், இணையச் செய்திச் சட்டத்திற்கு எதிர்வினையாக, மெட்டா நிறுவனம் முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் கனடியர்களுக்குச் செய்திகளை முடக்கத் தொடங்கியது. இதன் விளைவாக, சில ஊர்களில் உள்ளூர் அரசியல் பற்றிக் கிடைக்கும் எழுத்துவடிவத் தகவல்களில் உறுப்பினரின் மடல் முன்பைவிடப் பெரிய இடத்தைப் பெற்றுள்ளது. மடலின் பயன் கூடியது போலவே, அதனைச் சரிபார்க்கும் வழிகளும் குறைந்தன.

தமிழரும் தொகுதி மடலும்

ஸ்கார்பரோ, மார்க்கம் பகுதித் தொகுதிகளில் தமிழர் கணிசமாக வாழ்கின்றனர். 2018 தேர்தலில் லோகன் கணபதி, விஜய் தணிகாசலம் ஆகியோர் ஒன்ராறியோ சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 2014 இல் நிறைவேறிய சட்டத்தின்படி சனவரி மாதம் ஒன்ராறியோவில் தமிழ் மரபுரிமை மாதமாகும். எனவே அம்மாதத்தில் இத்தொகுதிகளின் மடல்களில் பொங்கல் விழாச் செய்திகள் இடம்பெறுகின்றன. விஜய் தணிகாசலம் கொண்டுவந்த தமிழ் இனப்படுகொலை அறிவூட்டல் வாரச் சட்டமூலம் 2021 மே மாதத்தில் சட்டமானது. தனிநபர் சட்டமூலம் ஒன்று சட்டமாக நிறைவேறியதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

ஆங்கிலம் நன்கறியாத முதியோருக்கு மடலின் செய்தி பெரும்பாலும் பிள்ளைகள் அல்லது பேரப்பிள்ளைகள் வழியே சென்று சேர்கின்றது. விழாப் படங்களைக் காட்டுவதோடு, மருந்துத் திட்டம், பல் மருத்துவத் திட்டம் பற்றிய பத்திகளையும் அவர்களுக்கு வாசித்துக் காட்டுவது பயனுள்ளது.

வாசிக்கும் முறை

மடல் ஒன்றை வாசிக்கும்போது பின்வரும் வினாக்கள் உதவும்:

* அறிவிக்கப்பட்ட நிதி புதியதா, முன்னரே அறிவிக்கப்பட்டதா?
* தொகை ஓர் ஆண்டுக்கு உரியதா, பல ஆண்டுகளுக்கு உரியதா?
* திட்டம் நடைமுறையில் உள்ளதா, இன்னும் வாக்குறுதியாகவே உள்ளதா?
* தானாகக் கிடைக்குமா, விண்ணப்பிக்க வேண்டுமா? இறுதி நாள் எது?
* தொகுதியில் பலரும் பேசும் சிக்கல் ஏதேனும் மடலில் விடுபட்டுள்ளதா?

ஆளுங்கட்சி உறுப்பினரின் மடல் செய்யப்பட்டவற்றையும், எதிர்க்கட்சி உறுப்பினரின் மடல் செய்யப்படாதவற்றையும் முன்னிறுத்துவது இயல்பு. இரண்டையும் ஒப்பிட்டு நோக்குபவருக்கு மாகாண அரசின் செயற்பாடு குறித்த முழுமையான படம் கிடைக்கும். மடலில் தரப்படும் தொலைபேசி எண், உறுப்பினருக்கு வாக்களிக்காதவருக்கும் உரியதே. கட்சி வேறுபாடு இன்றித் தொகுதியில் வாழும் எவருக்கும் உதவுவது தொகுதி அலுவலகத்தின் கடமை ஆகும்.