மழையில் விழுந்த வேலி: மறுபடி எங்கே நடுவது?



2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. கூரை போனது, ஆடு மாடு போனது எல்லாம் கணக்கெடுத்தார்கள். யாரும் கணக்கெடுக்காதது வேலி. ஓலை வேலி, படல், முள்வேலி எல்லாம் சாய்ந்து விட்டது. தண்ணி வடிஞ்சு மறுபடி கட்டும்போதுதான் சண்டை ஆரம்பம். "பழைய இடத்துலதான் நட்டேன்" என்பார் ஒருவர். "ஒரு முழம் தள்ளி நட்டுட்டா" என்பார் பக்கத்து வீட்டு அக்கா. புயல் இல்லாத வருஷத்திலும் இந்தச் சண்டை வரத்தான் செய்கிறது.

இதை ஏன் நம் செய்திமடலில் எழுத வேண்டும்? வேலியில் ஆரம்பித்த சண்டை குழுவில் வந்து நிற்கிறது. "அவ வந்தா நான் கூட்டத்துக்கு வரமாட்டேன்" என்று ஒருவர் நின்று விடுகிறார். அடுத்த மாதம் சேமிப்பு வரவில்லை, அதற்கடுத்த மாதம் கடன் தவணை வரவில்லை. தீர்மான நோட்டில் "வருகை குறைவு" என்றுதான் இருக்கும். விசாரித்தால் காரணம் ஒரு முருங்கை மரமாகவோ, நாலு ஆடாகவோ இருக்கும்.

எல்லா வேலித் தகராறிலும் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. எல்லை எங்கே என்பது ஒன்று. வேலியை யார் கட்டுவது, குப்பையை யார் அள்ளுவது, ஆட்டை யார் கட்டிப் போடுவது என்பது இன்னொன்று. முதல் கேள்வியை எவ்வளவு பேசினாலும் தீராது, அளந்தால்தான் தீரும். இரண்டாவது கேள்விக்கு சர்வேயரால் பதில் சொல்ல முடியாது; உட்கார்ந்து பேசினால்தான் தீரும். இரண்டையும் ஒரே மூச்சில் பேசுவதால்தான் "உங்க மாமியார் காலத்துலயே இப்படித்தான்" என்று பேச்சு தடம் மாறுகிறது.

முதலில் எல்லை. வீட்டுப் பத்திரம், பட்டா இரண்டையும் வெளியே எடுங்கள். பத்திரத்தில் சென்ட் என்று இருக்கும், பட்டாவில் ஏர் என்று இருக்கும். ஒரு ஏர் என்பது 2.47 சென்ட். இது தெரியாமல் "பட்டாவுல எடம் கொறைஞ்சு போச்சு" என்று பயந்தவர்கள் உண்டு. பட்டா இன்னும் மாமனார் பெயரிலேயே இருந்தால் பெயர் மாற்றும் வேலையையும் தள்ளிப் போடாதீர்கள். நிலத்தின் அளவுகள் போட்ட புலப்படம் (எஃப்.எம்.பி. என்பார்கள்) அரசின் இணையதளத்தில் கிடைக்கும். வீடு நத்தத்தில் இருந்தால் அதற்கான வரைபடத்தை தாலுகா அலுவலகத்தில் கேட்கலாம்.

பிறகு அளவைக்கு மனு. தாலுகா அலுவலகத்துக்கு அலைய வேண்டியதில்லை, இ-சேவை மையத்திலேயே கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். பக்கத்து நிலத்துக்காரருக்கும் தகவல் கொடுத்துத்தான் சர்வேயர் அளப்பார். என்னைக் கேட்டால் இரண்டு வீட்டாரும் கட்டணத்தைப் பாதிப் பாதி போட்டுக்கொள்வதே நல்லது. ஒருவர் மட்டும் கட்டினால் "அவங்க காசுக்கு அளந்தாரு" என்ற பேச்சு வரும். அளவில் திருப்தி இல்லையென்றால் மறு அளவைக்குக் கேட்கலாம். ஆனால் அரசு நட்ட எல்லைக் கல்லைப் பிடுங்குவது, நகர்த்துவது குற்றம். ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சர்வேயர் எல்லையைக் காட்டுவார், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு வேலி நம் இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தாலும் கடப்பாரை எடுத்துக்கொண்டு நாமே போய்ப் பிடுங்கக் கூடாது. நியாயம் நம் பக்கம் இருந்தும் கேஸ் நம் மேல் விழும். அதற்காக "போனா போகுது" என்று வருஷக் கணக்கில் வாய் மூடி இருப்பதும் சரியில்லை. அவர் தன் சொந்த இடம் என்றே வெளிப்படையாக, தொடர்ந்து 12 ஆண்டு அனுபவித்து விட்டால் கோர்ட்டில் நமக்குச் சிக்கல்.

இனி இரண்டாவது கேள்வி. பக்கத்து வீட்டு மரக்கிளை நம் பக்கம் வந்தால், நம் எல்லைக்குள் இருக்கும் அளவுக்கு வெட்டலாம். ஆனால் சொல்லிவிட்டு வெட்டுங்கள். அவர்கள் இடத்துக்குள் போய் மரத்தைத் தொடக்கூடாது. ஆடு வேலி தாண்டி வந்து கீரைப்பாத்தியை மேய்ந்து விட்டால் ஆத்திரம் வரும், நியாயம்தான். ஆனாலும் அடிக்கக் கூடாது, விஷம் வைக்கவே கூடாது, அது பெரிய குற்றம். 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டப்படி, மேய்ந்து சேதம் செய்த கால்நடையைப் பிடித்து 24 மணி நேரத்துக்குள் பவுண்டில் ஒப்படைக்கலாம். இன்றைக்குப் பல ஊரில் பவுண்டு இடிந்து கிடக்கிறது என்பது வேறு விஷயம். வேலிக்கருவையை வேலியாக விட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது நம்ம பக்கம் மட்டும் நிற்காது. கிளுவை, நொச்சி போத்து மழைக்காலத்தில் நட்டால் பிடித்துக்கொள்ளும். நொச்சியை ஆடும் சீண்டாது.

பேசுவதற்கு நேரம் பாருங்கள். ஆடு மேய்ந்த அன்றைக்கே, தெருக்குழாயடியில் நாலு பேர் முன்னால் பேச வேண்டாம். ஒரு நாள் விட்டு அவர்கள் வீட்டுக்கே போங்கள். "உன் ஆடு" என்று தொடங்காமல், "அக்கா, இந்த வேலிய ரெண்டு பேருமா சேர்ந்து கட்டிடலாமா, கல்லுக்கால் நான் வாங்கறேன், ஆள் கூலி நீங்க குடுங்க" என்று தொடங்கிப் பாருங்கள். ஒத்துக்கொண்டதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். எந்தப் பக்கம் யார் பெருக்குவது, தாழ்வாரத் தண்ணி எந்தப் பக்கம் விழுவது என்பதும் அதில் வரட்டும். குழுத் தலைவியோ ஊக்குநரோ சாட்சியாக இருக்கலாம். தீர்ப்பு சொல்லப் போகக் கூடாது. குழுக் கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுக்கவே வேண்டாம், கூட்டம் முடிந்த பிறகு தனியாகப் பேசுங்கள். கடன் கொடுப்பதை இதோடு முடிச்சுப் போடுவது பெரிய தப்பு.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால்? போலீசில் போனால் "இது சிவில் மேட்டரும்மா" என்று பெரும்பாலும் திருப்பி அனுப்புவார்கள். அடிதடி, மிரட்டல் இருந்தால் மட்டும் தயங்காமல் போங்கள். பெண்கள் உதவி எண் 181. இட விவகாரத்துக்குச் சட்டப்பணிகள் குழு இருக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், வக்கீல் உதவி இலவசம். திண்டிவனத்தில் தாலுகா அளவில் வட்டச் சட்டப்பணிகள் குழுவும், விழுப்புரத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் கோர்ட் வளாகத்திலேயே உண்டு. தொலைபேசி 15100. கேஸ் போடுவதற்கு முன்பே மனு கொடுத்து, இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேச வைக்கலாம். லோக் அதாலத்தில் இருவரும் ஒத்துக்கொண்டு முடித்தால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. அதனால் கையெழுத்துப் போடும் முன் எழுதியதை முழுசாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

போகும்போது பட்டா நகல், பத்திர நகல், புலப்படம், சர்வேயர் அளந்த விவரம், நீங்கள் எழுதிக்கொண்ட தாள் எல்லாம் கையில் இருக்கட்டும். வேலி விழுந்த அன்றே செல்போனில் படம் எடுத்திருந்தால் அதையும் காட்டுங்கள்.