நெகேமியாவின் காலமும் இலங்கையின் கடனும்

எருசலேமின் அலங்கம் எழும்பிக்கொண்டிருந்த நாட்களில் மக்களிடையே ஓர் அழுகுரல் எழுந்ததாக நெகேமியா ஐந்தாம் அதிகாரம் கூறுகிறது. சிலருக்கு உண்ணத் தானியமில்லை. சிலர் பஞ்சத்தினால் நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்தனர். சிலர் அரசனுக்குச் செலுத்தும் தீர்வைக்காகக் கடன்பட்டனர். அவர்கள் பிள்ளைகள் அடிமைகளாயினர். பஞ்சம், வரி, வட்டி ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்து எளியோரின் வீட்டில் வந்து முடிவதை இப்பகுதி காட்டுகிறது. இலங்கையின் அண்மைக்கால வரலாறு இதை நமக்கு விளக்குகிறது.

இலங்கை அரசு பல்லாண்டுகளாகப் பழைய கடனைப் புதுக்கடனால் அடைத்து வந்தது. 2019-இல் உயிர்த்தெழுதல் திருநாளன்று ஆலயங்களிலும் விடுதிகளிலும் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளும், 2020-இல் பரவிய கொள்ளைநோயும் சுற்றுலா வருவாயைக் குலைத்தன. 2019 இறுதியில் செய்யப்பட்ட வரிக்குறைப்பால் அரசின் வருமானம் சுருங்கியது. 2021-இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. நெல் விளைச்சல் வீழ்ந்தது. பெண்ணாடம் போன்ற விவசாய ஊர்களின் சபைகளில் ஊழியஞ்செய்வோருக்கு, உரமில்லாத ஒரு போகம் உழவனை எங்கே நிறுத்தும் என்று விளக்க வேண்டுவதில்லை.

2022 ஏப்ரல் 12-இல் வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை அரசு நிறுத்தியது. எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். ஜூலை 9-இல் அவர்கள் அதிபர் மாளிகைக்குள் புகுந்தனர்; கோத்தபாய ராஜபக்ச நாட்டை விட்டு வெளியேறிப் பதவி துறந்தார். செப்டம்பரில் கொழும்பில் விலைவாசி முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 70 விழுக்காடு உயர்ந்திருந்தது. அவ்வாண்டு மார்ச் முதல் படகேறித் தனுஷ்கோடிக் கரையில் இறங்கிய தமிழ்க் குடும்பங்கள் போருக்குத் தப்பி வந்தவையல்ல. அரிசியின் விலைக்குத் தப்பி வந்தவை.

ஆட்சி மாறியது, சுமை மாறவில்லை. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டாலர் கடனுக்கு இசைந்தது. முன்பு 8 விழுக்காடாகக் குறைக்கப்பட்ட மதிப்புக்கூட்டு வரி, 2024 ஜனவரியில் 18 விழுக்காடாயிற்று. அவ்வரி செல்வனுக்கும் கூலியாளுக்கும் ஒரே விகிதமே. கடன் வாங்குகையில் கேட்கப்படாதோர் அதைத் தீர்க்கையில் அழைக்கப்பட்டனர்.

பசித்தோர்க்கு உணவளிப்பது திருச்சபையின் கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் நெகேமியா அதனோடு நிற்கவில்லை. பெரியோரைச் சபை கூட்டிக் கண்டித்தார். அடகு நிலங்களைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார். தாமும் கடன் கொடுத்தவர் என்பதை மறைக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் அதிபதிக்குரிய படியையும் வாங்காதிருந்தார். ஆகவே, இக்கடனால் பயனடைந்தோர் யார், சுமப்போர் யார் என்று ஆளுவோரைக் கேட்கும் நாம், அதே கேள்வியை நம் சபையின் வட்டிக் கணக்குகளிடமும் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.