கைபேசியும் காமிராவும்

கண்ணாற் கண்ட காட்சி கணப்பொழுதில் மறைந்துவிடுகிறது. குழந்தையின் முதல் நடை, மணவறையில் மணமக்கள் பூண்ட புன்முறுவல், பாட்டியின் சுருங்கிய முகத்தில் அரும்பிய மகிழ்ச்சி ஆகியவை மீண்டும் வருவன அல்ல. அவற்றை நிலைநிறுத்திக் காணவேண்டும் என்னும் வேட்கை மக்கட்கு இயல்பாக உண்டு. அவ்வேட்கையை நிறைவு செய்யும் கருவி இக்காலத்தில் மிகப் பல வீடுகளில் இருக்கிறது. கைபேசியே அக்கருவி. ஆயினும், படம் எடுப்பதற்கென்றே அமைந்த காமிராக்களும் கடைகளில் விற்கப்படுகின்றன. அவற்றை விரும்பி வாங்குவோரும் உளர். நாள்தோறும் நாம் எடுக்கும் படங்களுக்குக் கைபேசி போதுமா, தனிக் காமிரா வேண்டுமா என்னும் வினா பலர் உள்ளத்தில் எழுகிறது. பொருட்செலவோடு பொருந்திய வினா ஆதலின், இரண்டின் இயல்பையும் அறிந்தே இதற்கு விடை காணவேண்டும்.

ஒளிப்படக் கலை தோன்றிய காலத்தில் படம் எடுத்தல் எளிய செயலாக இருக்கவில்லை. பிரான்சு நாட்டினராகிய நீப்சு என்பார், 1826 அல்லது 1827ஆம் ஆண்டில், தம் வீட்டுச் சாளரத்தின் வழியே தோன்றிய காட்சியை ஓர் உலோகத் தகட்டிற் பதித்தார். அந்த ஒரு படத்திற்குப் பல மணி நேரம் தகட்டின்மேல் ஒளி விழவேண்டியிருந்தது. 1888ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடக் என்னும் சிறிய காமிராவை விற்பனைக்குக் கொணர்ந்தார். நூறு படங்கள் எடுத்து முடிந்ததும் காமிராவையே தொழிற்சாலைக்கு அனுப்பிவிடவேண்டும். அங்குள்ளோர் படங்களை அச்சிட்டு, புதிய சுருளையும் இட்டுத் திருப்பி அனுப்புவர். வல்லுநர் சிலர்க்கே உரியதாயிருந்த கலை, இவ்வாறு பொதுமக்கள் கைக்கு வந்தது.

படச்சுருளின் இடத்தை மின்னணு உணரி பற்றிக்கொண்டமை அடுத்த பெருமாற்றமாகும். 1975ஆம் ஆண்டில் ஸ்டீவன் சாசன் என்னும் பொறியாளர் சுருள் இல்லாத காமிரா ஒன்றை அமைத்தார். அதன் எடை ஏறத்தாழ 3.6 கிலோகிராம். அஃது எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில் 10,000 புள்ளிகளே இருந்தன. அதனைப் பதிவு செய்ய 23 நொடிகள் ஆயின. இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. 2000ஆம் ஆண்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு கைபேசி, 1,10,000 புள்ளிகள் கொண்ட வண்ணப் படத்தை எடுத்து, உடனே பிறர்க்கு அனுப்பவும் வல்லதாயிற்று. இன்றைய கைபேசிகள் ஒரு கோடிப் புள்ளிகட்கும் மேற்பட்ட படங்களை இமைப்பொழுதில் எடுக்கின்றன. இதன் விளைவைக் காமிரா வாணிகமே காட்டும். ஜப்பானியக் காமிரா நிறுவனங்களின் சங்கம் வெளியிடும் கணக்கின்படி, 2010ஆம் ஆண்டில் விற்பனைக்கு அனுப்பப்பட்ட மின்னணுக் காமிராக்கள் 12 கோடிக்கு மேற்பட்டவை. 2023ஆம் ஆண்டில் அவை 80 இலட்சத்திற்கும் குறைந்துவிட்டன.

அங்ஙனமாயின் காமிரா பயனற்றுப் போயிற்றா? அன்று. இதனை விளங்கிக்கொள்ள, இரு கருவிகளும் தொழிற்படும் முறையை நோக்குவோம். நம் கண்ணில் ஒளி கருமணியின் வழியே புகுந்து, விழித்திரையில் உருவமாக விழுகிறது. காமிராவிலும் அவ்வாறே. முன்புறத்து லென்சு ஒளியைக் குவிக்கிறது. பின்புறத்து உணரி அதனை ஏற்றுப் பதிவு செய்கிறது. கைபேசிக்கும் காமிராவுக்கும் இது பொது. வேறுபாடு அளவிலேயே உள்ளது. உயர்ந்த காமிராக்களில் உள்ள முழு அளவு உணரி, 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் உடையது. அதன் பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். கைபேசிகளுள் மிகப் பெரிய உணரி கொண்ட சிலவற்றிலும் அப்பரப்பு 116 சதுர மில்லிமீட்டர் அளவினதே. ஏனைய கைபேசிகளில் அது பெரிதும் குறைவு.

பரப்பால் என்ன பயன் என்று வினவலாம். மழை பெய்யும்போது முற்றத்தில் ஒரு குவளையையும் ஓர் அண்டாவையும் அருகருகே வையுங்கள். இரண்டின்மேலும் பெய்வது ஒரே மழைதான். எனினும் வாயகன்ற அண்டாவிலேயே நீர் மிகுதியாகச் சேரும். பெருமழையில் குவளையும் விரைந்து நிரம்பிவிடும். தூறலிலோ குவளையில் சில துளிகளே விழும். ஒளியும் அத்தகையதே. நண்பகல் வெளிச்சம் பெருமழை போன்றது. அப்போது சிறிய உணரிக்கும் போதிய ஒளி கிடைக்கும். மாலை மங்கலிலும் அறைக்குள்ளும் விழும் ஒளி தூறல் போன்றது. அப்போது சிறிய உணரியின் படத்தில் மணல் தூவினாற்போன்ற புள்ளிகள் தோன்றும், நிறங்களும் மங்கும். பெரிய உணரியோ தூய படத்தைத் தரும்.

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பது பழமொழி. கைபேசியின் உணரி சிறிதாயினும் அதனோடு இணைந்த கணிப்பொறி ஆற்றல் மிக்கது. நாம் ஒரு முறை தொட்டால், அஃது ஒரு படம் மட்டும் எடுப்பதில்லை. பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, ஒரே படமாக்கித் தருகிறது. ஒரு படத்தில் தவறித் தோன்றிய புள்ளி மற்றொன்றில் அவ்விடத்தில் தோன்றாது. ஆதலின் அவற்றின் சராசரியைக் கொள்ளுங்கால் குறைகள் தேய்ந்து, உண்மை உருவம் நிற்கிறது. கதிரவனுக்கு எதிரே நிற்பவர் முகம் கறுத்துப் போகாமலும், பின்னே உள்ள வானம் வெளுத்துப் போகாமலும் படம் அமைவது இம்முறையாலேயே ஆம். எனவே, காமிரா ஒளியை மிகுதியாகத் திரட்டுகிறது. கைபேசி ஒளியின் குறையைக் கணக்கினால் ஈடு செய்கிறது. இவ்வொரு வேறுபாட்டை உளங்கொண்டால் ஏனையவை எளிதில் விளங்கும்.

புள்ளிகளின் எண்ணிக்கையைக் கொண்டு கருவியின் தகுதியை அளத்தல் பிழையாகும். ஆறு அங்குல நீளமும் நான்கு அங்குல அகலமும் உடைய படத்தைத் தெளிவாக அச்சிட, அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வேண்டும் எனக் கொள்வோம். 1800 புள்ளிகளை 1200 புள்ளிகளாற் பெருக்கினால் 21,60,000 ஆகும். ஒரு கோடியே இருபது இலட்சம் புள்ளிகள் கொண்ட கைபேசிப் படம் இதனைப்போல் ஐந்து மடங்கிற்கு மேற்பட்டது. ஆகவே, வீட்டுச் சுவரில் மாட்டுவதற்கும் தொகுப்பில் ஒட்டி வைப்பதற்கும் நல்ல கைபேசியின் படமே சாலும்.

ஆயின், தொலைவில் உள்ள பொருளைப் படம் பிடிக்கும்போது நிலை மாறுகிறது. வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்று, ஏரிக்குள் மரக்கிளையில் அமர்ந்திருக்கும் நாரையைப் படம் எடுக்க முயல்வோம். கைபேசியின் திரையை விரலால் விரித்துக் காட்சியை நான்கு மடங்கு பெரிதாக்கினால், கருவி உண்மையில் நாரையை அணுகுவதில்லை. படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டுகிறது. நீளத்தில் நான்கில் ஒன்றும் அகலத்தில் நான்கில் ஒன்றும் எஞ்சுவதால், பதினாறில் ஒரு பங்குப் புள்ளிகளே நிற்கும். ஒரு கோடியே இருபது இலட்சம், ஏழரை இலட்சமாகச் சுருங்கிவிடும். மேலே கண்ட சிறிய படத்தை அச்சிடவும் அது போதாது. தொலைநோக்கு லென்சு தனியே அமைந்த கைபேசிகள் ஓரளவு இக்குறையைத் தீர்க்கும். எனினும், பறவையின் இறகு ஒவ்வொன்றும் தெரியவேண்டுமாயின், நீண்ட லென்சு பூட்டிய காமிராவே வேண்டும். பறக்கும் பறவையை ஆயிரத்தில் ஒரு நொடியில் பிடித்து நிறுத்துவதிலும், ஓடி விளையாடும் பிள்ளைகளை மாலை வேளையிற் படம் எடுப்பதிலும் காமிராவே முந்தி நிற்கிறது. கைபேசி பல படங்களைச் சேர்ப்பதற்குள் பொருள் நகர்ந்துவிடுமாதலின் உருவம் குழம்பும்.

முகப் படங்களிலும் ஒரு வேறுபாடு உண்டு. பெரிய உணரியும் அகன்ற லென்சும் உடைய காமிராவில், முகம் தெளிவாக நிற்க, பின்னே உள்ளவை இயல்பாகவே மங்கித் தோன்றும். சிறிய கைபேசி லென்சில் முன்னும் பின்னும் ஏறத்தாழ ஒரே தெளிவாக விழும். ஆதலின் கைபேசி, எது முகம் எது பின்னணி என்று கணித்து, பின்னணியைத் தானே மங்கச் செய்கிறது. அக்கணிப்புச் சிலபோது தவறும். கூந்தலின் ஓரமும், தலையிற் சூடிய மல்லிகைச் சரமும், மூக்குக் கண்ணாடியின் விளிம்பும் பின்னணியோடு சேர்ந்து கரைந்துவிடும். மேலும், கைபேசியை முகத்திற்கு மிக அருகே கொண்டுசென்றால், மூக்குப் பருத்தும் செவிகள் சிறுத்தும் தோன்றும். இது கருவியின் குற்றம் அன்று. மிக அண்மையில் நிற்பதன் விளைவு. நான்கடி விலகி நின்று எடுத்தால் முகம் தன் இயல்பான வடிவில் அமையும்.

இவற்றினும் கருதத்தக்கது ஒன்று உண்டு. படம் அழகாக இருத்தல் வேறு. உண்மையாக இருத்தல் வேறு. 2023ஆம் ஆண்டில் ஒருவர், நிலவின் படத்தை வேண்டுமென்றே மங்கச் செய்து, திரையிற் காட்டி, அதனை ஒருவகைக் கைபேசியாற் படம் எடுத்தார். திரையில் இல்லாத மேடு பள்ளங்கள் கைபேசிப் படத்தில் தெளிவாகத் தோன்றின. பொருள் நிலவு என்று உணர்ந்த கருவி, தான் முன்னரே பயின்றவற்றைக் கொண்டு நுட்பங்களைச் சேர்த்துவிட்டது. நிலவுப் படத்தில் இதனால் பெருந்தீங்கு இல்லை. ஆனால், பழைய ஏட்டுச் சுவடி ஒன்றைப் படம் எடுப்பதாகக் கொள்வோம். சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. காலும் ரகரமும் ஒரே வடிவாக எழுதப்பட்டிருக்கும். ஒரு சிறு கீற்றைக் கொண்டே சொல்லைத் துணியவேண்டிய இடங்கள் பல. அக்கீற்றைக் கறை என்று கருதிக் கருவி துடைத்துவிட்டாலும், கறையைக் கீற்று என்று கருதித் தீட்டிவிட்டாலும், பாடமே மாறிவிடும். ஆகவே, சான்றாக நிற்கவேண்டிய படங்களுக்குத் திருத்தப்படாத மூலப் பதிவே தக்கது. அதனைத் தருவதில் தனிக் காமிரா சிறந்தது. சில கைபேசிகளிலும் அவ்வசதி உண்டு. கல்வெட்டாயினும் சுவடியாயினும், பக்கவாட்டிற் சாய்ந்து விழும் ஒளியில் எடுத்தால் எழுத்தின் பள்ளங்கள் புலனாகும் என்பதும் அறியத்தக்கது.

காமிராவின் சிறப்புகள் இத்துணையாயினும் அதற்குரிய இடர்களும் உள. அதன் விலை மிகுதி. லென்சின் விலை அதனினும் மிகுதியாதல் உண்டு. கழுத்திற் சுமக்கவேண்டும், மழையினின்றும் தூசியினின்றும் காக்கவேண்டும், அதனைக் கையாளும் முறையைப் பொறுமையோடு கற்கவேண்டும். கல்லாதவர் கையில் உயர்ந்த காமிராவும் தாழ்ந்த படத்தையே தரும். கைபேசியோ எந்நேரமும் நம்மோடு இருக்கிறது. வீட்டில் பூட்டிவைத்த காமிரா, வீதியில் நிகழ்ந்த காட்சியைப் பதிவு செய்தல் இயலாது அன்றோ?

ஆதலின், அன்றாடப் படங்களுக்குக் கைபேசியே போதும் என்று துணியலாம். வீட்டு நிகழ்ச்சிகள், பயணக் காட்சிகள், கரும்பலகைக் குறிப்புகள், நண்பர் குழு ஆகியவற்றிற்காகக் கடன்பட்டுக் காமிரா வாங்குதல் வேண்டா. பறவை, விளையாட்டு, இரவு விழா, ஆராய்ச்சி ஆகியவற்றில் ஈடுபாடு கொண்டு, கற்கவும் காலம் செலவிடவும் ஒருப்பட்டவர்க்குக் காமிரா தக்க துணையாகும்.

கைபேசியால் எடுப்போர் சில எளிய நெறிகளைப் பின்பற்றினால் நற்பயன் எய்துவர். விரல் பட்டு அழுக்கேறிய லென்சை மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துக்கொள்க. ஒளி உள்ள இடத்தை நோக்கி முகத்தைத் திருப்புக. திரையை விரித்துப் பெரிதாக்குவதற்கு மாறாக, இயன்றவரை பொருளை நெருங்கிச் செல்க. மங்கிய ஒளியில் கையைச் சுவரிலோ தூணிலோ ஊன்றி அசையாது பிடிக்க. பிறரைப் படம் எடுக்குமுன் அவர்தம் இசைவைப் பெறுக.

எடுத்த படங்களைக் காத்தலும் நம் கடமையே. முப்பத்தாறு படங்கள் கொண்ட சுருளைப் பயன்படுத்திய காலத்தில், ஒவ்வொரு படத்தையும் எண்ணி எடுத்தனர்; அச்சிட்டுப் போற்றினர். இன்று ஆயிரக்கணக்கான படங்கள் கைபேசியில் தேங்குகின்றன. கைபேசி பழுதுற்றால் அத்தனையும் ஒருங்கே அழியும். ஆண்டுக்கு ஒரு முறையேனும் சிறந்தவற்றைத் தேர்ந்து, வேறொரு சேமிப்புக் கருவியிலும் படியெடுத்து வைத்தல் வேண்டும். இன்றியமையாத சிலவற்றை அச்சிட்டு, எடுத்த நாளையும், படத்தில் உள்ளார் பெயரையும் பின்புறத்தில் எழுதி வைத்தல் நன்று. பெயர் அறியப்படாத படம், பின்வரும் தலைமுறைக்கு அயலார் முகமாகவே தோன்றும்.

கருவி எதுவாயினும் அது நம் கண்ணுக்குத் துணையேயன்றிக் கண்ணுக்கு மாற்று அன்று. எதைக் காணவேண்டும், எப்பொழுது காணவேண்டும், எதைக் காத்து வைக்கவேண்டும் என்பனவற்றை அறிபவன் மனிதனே. தேவையை அறிந்து கருவியைத் தேர்ந்து, உண்மையை மாற்றாமற் பதிவு செய்து, அதனைப் பின்னோர்க்குப் பயன்படுமாறு போற்றுவோமாக.