ஆவாரம்பூப் பானம்: பறித்தல், உலர்த்தல், வடித்தல்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தரிசுகளிலும் மானாவாரி வரப்புகளிலும் ஆவாரை தானே முளைத்து வளர்வதை யாவரும் அறிவர். இதன் பட்டையில் நூற்றுக்குச் சுமார் 18 பங்கு துவர்ப்புச் சத்து உண்டு. அதுபற்றியே இப்பகுதித் தோல் பதனிடும் சாலைகள் நெடுங்காலம் இப்பட்டையை நம்பியிருந்தன. பின்னர் தென்னாப்பிரிக்காவின் வாட்டில் பட்டையும் குரோமிய உப்பும் வந்து சேரவே, அதற்கிருந்த கிராக்கி குறைந்தது. ஆயினும் பூவின் உபயோகம் வீடுகளில் நின்றுவிடவில்லை. பட்டையை உரித்தால் கிளை பட்டுப்போகும். பூவை அளவாகப் பறித்தால் செடிக்குக் கேடில்லை.

துவர்ப்பின் இயல்பு: துவர்ப்புச் சத்து புரதத்தைப் பற்றி இறுக்கும் தன்மையுடையது. ஊறல் தொட்டியில் தோலின் புரதத்தைப் பற்றி அதை அழுகாமற் காப்பதும், நாவில் எச்சிலின் புரதத்தைப் பற்றி வாயை உலர்த்துவதும் ஒரே செயலேயாம். பானத்தில் பால் சேர்த்தால் துவர்ப்பு தணிவதும், பாலின் புரதம் அச்சத்தைப் பற்றிக்கொள்வதனாலேயே. ஆகவே பானத்தின் சுவை, துவர்ப்பை எவ்வளவு நீரில் இறங்கவிடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

பிற நாட்டு வழக்கம்: இலங்கையில் ஆவாரை ‘ரணவரா’ எனப்படும், அதன் பூவை வடித்துப் பருகுவர். ‘மாத்தறைத் தேயிலை’ என்னும் பெயரும் இச்செடிக்கு உண்டு. சீன தேசத்துப் பூஜியன் மாகாணத்தில், பூடிங் முதலிய இடங்களில், தேயிலையின் வெண்ணிற அரும்புகளை வறுக்காமலும் உருட்டாமலும் வாடவைத்து உலர்த்துகின்றனர். அதனால் அதன் சுவை மென்மையும் இனிமையும் உடையதாகிறது. நெடுநாள் சேமிக்கவும் இடம் மிச்சப்படவும் அதை ஆவியில் இளக்கி, வில்லையாக அமுக்கி, மீண்டும் உலர்த்துவதுண்டு. கசக்காமல் உலர்த்தும் முறை ஆவாரம்பூவிற்கும் பொருந்தும். வில்லையாக்கும் முறையோ, உள்ளீரம் முழுவதும் வெளியேற்றும் வசதியில்லாவிடில் பூஞ்சணத்திற்கே இடந்தரும். வீட்டு உபயோகத்திற்கு உதிர்ப்பூவே தக்கது.

செடியை அறிதல்: ஆவாரையின் இலைக்காம்படியில் காதுமடல் போன்ற அகன்ற சிற்றிலை இருக்கும், காய் தட்டையாயும் மெல்லியதாயும் இருக்கும். மஞ்சட்பூவை மாத்திரம் கண்டு பேயாவரையைப் பறித்துவிடலாகாது.

பறித்தலும் உலர்த்தலும்: காலையில் பனி உலர்ந்தபின், விரியும் நிலையிலுள்ள அரும்புகளையும் அன்றலர்ந்த பூக்களையும் பறிக்க வேண்டும். விதைக்கென ஒரு பகுதியை விட்டுவைத்தல் நன்று. காம்பு, பூச்சி, தூசி நீக்கி, காற்றோட்டமுள்ள நிழலில் துணிமேல் மெல்லியதாகப் பரப்ப வேண்டும். கடும் வெயில் நிறத்தைக் கெடுக்கும். விரலால் நெரித்தால் நொறுங்கும் பதம் வந்ததும், ஈரமற்ற கலத்தில் இறுக மூடி வைக்க வேண்டும். மிளகாய், கருவாடு முதலியவற்றின் அருகே வைத்தால் அவற்றின் வாடை பூவில் ஏறும்.

வடித்தல்: கொதித்த நீரை இறக்கி, ஒரு குவளை நீருக்கு ஒரு தேக்கரண்டி பூ இட்டு, ஐந்து நிமிஷம் மூடிவைத்து வடிக்க வேண்டும். நெடுநேரம் கொதிக்கவிட்டால் துவர்ப்பு மிகும். பனைவெல்லமும் ஏலமும் விருப்பம்போற் சேர்க்கலாம். உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதைத் துவர்ப்பு தடுக்குமாதலின், உணவோடு சேர்த்துப் பருகலாகாது. நீரிழிவுக்கு மருந்து உண்போரும் கருவுற்ற மாதரும் வைத்தியரைக் கேட்டே பருக வேண்டும்.

நிலமும் நீரும்: இப்பகுதியில் யாவற்றினும் முக்கியமாகக் கவனிக்கத்தக்கது இதுவே. தோல் சாலைக் கழிவுநீரால் பாலாற்றுப் பகுதியில் நிலமும் கிணறுகளும் கெட்டதை, இந்திய உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 ஆம் நாள் தீர்ப்பில் எடுத்துரைத்தது. கழிவுநீர் பாய்ந்த நிலத்திலும் அதன் வாய்க்கால் ஓரத்திலும் உள்ள பூவைப் பறிக்கலாகாது. உவர் நீரில் வடித்தால் நல்ல பூவின் சுவையும் கெடும். சேமித்த மழைநீரோ நற்கிணற்று நீரோ வேண்டும். எந்த நிலத்தில் கழிவுநீர் பாய்ந்தது என்பதைக் கிராம அதிகாரிகளும் பழங்குடியானவர்களும் அறிவர். பூப் பறிப்போருக்கு அந்நிலங்களை முன்னதாகவே சுட்டிக்காட்டுதல் அவர்களது கடமையாகும்.